ஞாயிறு வாங்கிய காய் வியாழனில் வாடுகிறது: வாரச் சமையலை எப்படித்தான் திட்டமிடுவது?

அரைக்கிலோ அவரை (மதுரை)

வணக்கம். கொஞ்சம் வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். போன மாதம் நான்கு வாரமும் எங்கள் வீட்டில் குப்பைக்குப் போன காய்கறியை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். கீரை ஐந்து கட்டு, புதினா மூன்று கட்டு (அதில் ஒன்று கட்டே அவிழ்க்காதது), வெண்டைக்காய் முக்கால் கிலோ, காளான் ஒரு பாக்கெட், பனீர் பாதி. தக்காளியை எண்ணுவதை இரண்டாவது வாரமே விட்டுவிட்டேன்.

வீட்டில் நாலு பேர். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், பையன் பத்தாவது படிக்கிறான், மாமியார் கூட இருக்கிறார். ஞாயிறு காலை அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போவேன். 1999-இல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த உழவர் சந்தை இதுதான் என்று எங்கள் மாமனார் இருந்தவரை பெருமையாகச் சொல்வார். அங்கே பனி காயாத கீரையைப் பார்த்தால் எனக்குக் கை நிற்காது. போதாததற்கு, வீட்டுப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் தேதி முடிய இரண்டு நாள் இருக்கிற பால், பிரெட், பனீர், காளான் எல்லாம் வியாழன் மாலை பாதி விலைக்குப் போடுகிறார்கள். அதையும் அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

திட்டம் போடாமல் இல்லை. பரீட்சை டைம் டேபிள் மாதிரி ஏழு நாளுக்கும் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். செவ்வாய் சஷ்டி, மாமியாருக்குப் பாலும் பழமும்தான். புதன் எனக்கு ஆபீசில் நேரமாகிவிட்டது, கணவர் பரோட்டா வாங்கி வந்துவிட்டார். வியாழன் டைம் டேபிள்படி கீரையை எடுத்தால் அது பழுத்து மஞ்சளாகி, அடிக்கட்டு கொழகொழவென்று இருந்தது.

உங்கள் வீடுகளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கீரைக்கட்டு (திருச்சி)

அம்மா, நான் ஓர் ஓட்டலில் 30 வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். அந்த டைம் டேபிளைக் கிழித்துவிடுங்கள்.

அரிசி, பருப்புக்கு வந்த தேதியைப் பார்த்து எடுத்துப் போடுவோம். காய்கறிக்கு அந்தக் கணக்கு உதவாது. ஒரே வண்டியில் ஒரே காலையில் வந்த அரைக்கீரையும் சேனைக்கிழங்கும் ஒரே நாளிலா கெட்டுப்போகும்? அதனால் பையைக் கொட்டியதும் எது முதலில் போகும் என்ற வரிசையில் பிரித்து வைப்போம். என்ன குழம்பு, என்ன பொரியல் என்பது அன்றன்று மாஸ்டர் முடிவு செய்வது.

உங்கள் பைக்குச் சொல்கிறேன். கீரை, காளான், புதினா மூன்றும் ஞாயிறு, திங்களோடு தீர்ந்துவிட வேண்டும். வெண்டை, புடலை, பீர்க்கு, முருங்கை இவற்றுக்குச் செவ்வாய், புதன் வரை தவணை. கத்தரி, கொத்தவரை, அவரை, பீன்ஸ் வியாழன் வரை பொறுக்கும். அதற்கு மேல் கோஸ், கேரட், பீட்ரூட், சௌசௌ. இவை பிரிட்ஜில் இரண்டு வாரம் கூட உட்கார்ந்திருக்கும். பூசணி, சேனை, கருணை, உருளை, வெங்காயம் எல்லாம் பென்ஷன்காரர்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முள்ளங்கி வாங்கினால் வந்த உடனே இலையை வெட்டிவிடுங்கள். விட்டால் இலை கிழங்கிலிருந்து ஈரத்தை உறிஞ்சி முள்ளங்கியை நெட்டியாக்கிவிடும். அந்த இலையும் கீரைதான், முதல் நாள் பொரியலுக்குப் போகட்டும்.

கதவில் ஒட்டுவதானால் இந்த வரிசையை மட்டும் ஒட்டுங்கள். சமைத்ததை அடித்துக்கொண்டே வாருங்கள். யார் அடுப்படியில் நின்றாலும், மேலே அடிக்காமல் எது இருக்கிறதோ அதை எடுக்கட்டும்.

இரவுப்பணி (சென்னை)

இவ்வளவு சிரமம் எதற்கு? நான் தனி ஆள், வடபழனியில் ரூம். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் தெருமுனைத் தள்ளுவண்டியில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறேன். கால் கிலோ வெண்டைக்காய், இரண்டு தக்காளி, கறிவேப்பிலை கொசுறு. சாயங்காலம் கடைசியில் போனால் மிச்சத்தைக் கூறு கட்டி 20 ரூபாய்க்குக் கொடுத்துவிடுகிறார்கள். என் பிரிட்ஜில் தண்ணீர் பாட்டில் தவிர ஒன்றும் கிடையாது. வீணாவது சுத்தமாக இல்லை.

அரைக்கிலோ அவரை

தம்பி, உங்களைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது. நான் வீடு வந்து சேரவே ஏழரை மணி. அதற்குமேல் வண்டியைத் தேடிப் போய், நாலு பேருக்கு வாங்கி, நறுக்கி, சமைத்து... காலையில் டிபன் பாக்ஸ் வேறு மூன்று. தினமும் வாங்குவது நேரம் இருப்பவர்களுக்குத்தான் ஒத்துவரும்.

ஐயா, வரிசை யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் கீரையை ஞாயிறு, திங்களில் தீர்க்கச் சொன்னீர்களே, ஞாயிறு எங்கள் வீட்டில் மீன். மீனும் கீரையும் ஒரே இலையில் போட மாமியார் விடமாட்டார். ராத்திரியில் கீரையே கூடாது. ஞாயிற்றுக்கிழமை அகத்தி, நெல்லி கூடாது. அமாவாசை என்றால் கோஸ், கேரட், பீன்ஸ் எல்லாம் இங்கிலீஷ் காய், அடுப்படிக்குள்ளேயே வராது. வாழைக்காய், பூசணி, அவரை, பாகல் மாதிரி நாட்டுக்காய்தான். இத்தனைக்கும் நடுவில் எந்த வரிசை நிற்கும்?

செல்லியம்மன் தெரு (ஈரோடு)

கேலண்டரைத் தடையாகப் பார்க்காதீர்கள். சந்தைக்குப் போகுமுன் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வர்ற வாரம் அமாவாசை எந்தக் கிழமை, சஷ்டி எந்தக் கிழமை, பையனுக்கு லீவு உண்டா, யார் வீட்டிலாவது விசேஷம் உண்டா என்று ஒரு பார்வை. சாப்பிடாத வேளைகளைக் கழியுங்கள். எங்கள் வீட்டில் வாரத்துக்கு 21 வேளை என்று பேர், கழித்துப் பார்த்தால் வீட்டில் காய் நறுக்கிச் சமைப்பது எட்டு வேளைதான். முன்பு நான் 21 வேளைக்கு வாங்கிக்கொண்டு இருந்தேன்.

புரட்டாசியில் இந்தக் கணக்கு அப்படியே மாறும். கவிச்சி கிடையாது என்பதால் காய் கூடுதலாகச் செலவாகும். புரட்டாசி முடிந்த அடுத்த ஞாயிறும் பழைய அளவுக்கே வாங்கினால் மாட்டிக்கொள்வோம். போன வருடம் அப்படித்தான் நான்கு கிலோ காயோடு முழித்தேன்.

கீரையை விட்டுத்தள்ள வேண்டாம். ஞாயிறு சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே ஆய்ந்து, கழுவாமல், துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் செவ்வாய் காலை வரை நன்றாகவே இருக்கும். முருங்கைக்கீரைக்கு ஆயும் வேலை கூட இல்லை. கொத்தை அப்படியே துணியில் இறுக்கிச் சுற்றி ராத்திரி வைத்துவிட்டால் காலையில் உதறும்போது இலை தானாக உதிரும்.

மஞ்சள் ஒட்டி (லண்டன்)

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்போது ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன பாதி விலைச் சாமான் பற்றி ஒரு சொல்.

இங்கே சூப்பர் மார்க்கெட்டில் பின்னேரம் மஞ்சள் ஒட்டி ஒட்டுவார்கள். நேரம் போகப் போக விலை இன்னும் இறங்கும். வந்த புதிதில் நான் அந்த மஞ்சளைக் கண்டாலே வாங்கிவிடுவேன். பிறகுதான் லேபிளில் இருக்கிற சொல்லைப் பார்க்கப் பழகினேன். ‘யூஸ் பை’ என்றால் உடம்புக்கான எச்சரிக்கை. அந்த நாள் தாண்டினால் வாசம் நல்லாய் இருந்தாலும் சாப்பிடக்கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றால் தரத்துக்கான நாள்; தாண்டினால் மொறுமொறுப்பு, ருசி குறையும், அவ்வளவுதான். 2022-இல் இங்கே சில பெரிய கடைகள் பல மரக்கறிகளிலும் பழங்களிலும் இருந்து அந்த ‘பெஸ்ட் பிஃபோர்’ நாளையே எடுத்துவிட்டன, கண்ணால் பார்த்து முடிவெடுங்கள் என்று.

‘யூஸ் பை’ நாள் முடிவதற்குள் பிரீசரில் வைத்துவிட்டால் அது அந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் வெளியே எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் சமைத்து முடிக்க வேண்டும். அதனால் மஞ்சள் ஒட்டிக் கோழி என் வீட்டுக்கு வந்தால் இரண்டே வழி. அன்றிரவே கறி, இல்லாவிட்டால் அன்றிரவே பிரீசர். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று பிரிட்ஜில் வைத்ததெல்லாம் கடைசியில் குப்பைக்குத்தான் போனது. பாண் (நீங்கள் சொல்கிற பிரெட்) என்றால் துண்டு துண்டாகவே பிரீசரில் போட்டு, வேண்டிய துண்டை எடுத்து நேரே டோஸ்டரில் வைப்பேன்.

கீரைக்கட்டு

அக்கா சொன்னதோடு நம் ஊர் விஷயம் ஒன்று. 2020-இல் வந்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லேபிள் விதிகளில் ‘எக்ஸ்பைரி அல்லது யூஸ் பை’ தேதிதான் கட்டாயம், ‘பெஸ்ட் பிஃபோர்’ போடுவது கம்பெனி விருப்பம். ஆகவே நம் ஊர் பாக்கெட்டில் பெரும்பாலும் இருப்பது கடைசித் தேதி. அதைத் தாண்டினால் பேரம் கிடையாது.

அப்புறம், வியாழன் மாலை என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா. அன்றைக்குப் பிரிட்ஜில் ஞாயிற்றுக்கிழமைக் காய் பாதி இருக்கும். அதன் தலைமேல் இரண்டு நாள் ஆயுசுள்ள பொருளைக் கொண்டுவந்து வைத்தால், காத்திருந்த காய் இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போகும். உங்கள் வெண்டைக்காயைக் கெடுத்தது அந்தப் பாதி விலைப் பனீர்தான்.

அரைக்கிலோ அவரை

அடடா. நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான்கில் மூன்று வாரம் காய் குப்பைக்குப் போனது வெள்ளியும் சனியும். ஐயா சொன்னது சரிதான். பனீரில் 45 ரூபாய் மிச்சம் பிடித்ததாக அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம்!

வலைக்காரன் பேரன் (தூத்துக்குடி)

ஞாயிறு மீன் என்று படித்ததும் உள்ளே வந்தேன். காய்கறியில் நீங்கள் என்ன கணக்கு வேண்டுமானாலும் போடுங்கள். மீனை மட்டும் ‘குறைந்த விலை, கடைசி நாள்’ என்று வாங்காதீர்கள்.

சூரை, அயிலை, சாளை மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். அது கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. சாப்பிட்ட அரை மணி, ஒரு மணியில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். பலரும் ‘எனக்கு மீன் அலர்ஜி’ என்று நினைத்துக்கொள்வார்கள். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் பளிச்சென்று வெளியே நிற்கிறதா, விரலால் அழுத்தினால் பள்ளம் எழும்பி வருகிறதா என்று பாருங்கள். ஆனால் இந்த மீன்களில் பார்வைக்கு நன்றாக இருந்தும் ஹிஸ்டமின் இருக்கலாம், எனவே ஐஸில் கிடந்ததா என்பதுதான் முதல் கேள்வி.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நேரத்தில் நாட்டுப்படகு மீன் கொஞ்சம் கிடைக்கும், மற்றதெல்லாம் எங்கிருந்தோ ஐஸில் பயணம் செய்து வருவது. எங்கள் வீட்டில் அந்த இரண்டு மாதம் கருவாடுதான். கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தால் பிரிட்ஜில் சுருங்கிய கத்தரிக்காய்க்கும் ஒரு வழி பிறக்கும்.

இரவுப்பணி

அண்ணா, இதைப் படித்ததும் பயமாகிவிட்டது. சாயங்காலக் கூறில் நான் மீனும் வாங்கியிருக்கிறேன்.

வலைக்காரன் பேரன்

காய்க் கூறு வாங்குங்கள் தம்பி, மீன் கூறு வேண்டாம். அவ்வளவுதான்.

செல்லியம்மன் தெரு

யாரும் மாவைப் பற்றிப் பேசவில்லையே! எங்கள் வீட்டில் வாரம் ஓடுவதே இட்லி மாவை வைத்துத்தான். அது நாளாக நாளாகப் புளிக்கும், அதற்கேற்பப் பலகாரம் மாறும். சனி ராத்திரி ஆட்டினால் ஞாயிறு, திங்கள் இட்லி. செவ்வாய் தோசை. புதன் புளிப்பு ஏறிவிடும், சின்ன வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி ஊத்தப்பம். வியாழன் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். இந்தக் கடைசி இரண்டு நாள்தான் முக்கியம். ஊத்தப்பத்தின் மேல் அரை கேரட், கொஞ்சம் கோஸ், ஒரு குடைமிளகாய் எல்லாம் சத்தமில்லாமல் ஏறிவிடும். ‘மிச்சம்’ என்று சொன்னால் என் மகள் முகத்தைச் சுளிப்பாள், ‘வெஜிடபிள் ஊத்தப்பம்’ என்றால் இரண்டு கேட்பாள்.

தயிரும் அப்படித்தான். பாதி விலைப் பால் கிடைத்தால் அன்றே காய்ச்சி உறை ஊற்றிவிடுங்கள், உங்களுக்கு நாலு நாள் கூடுதலாகக் கிடைக்கும். புளித்த தயிர் மோர்க்குழம்புக்குத்தான் ருசி. அதில் வெண்டையும் போடலாம், பூசணியும் போடலாம், சேம்பும் போடலாம். வாரக் கடைசிக்கு மோர்க்குழம்பு மாதிரி ஒரு தோழி கிடையாது.

தேதி நெருங்கிய பனீரை உதிர்த்து முட்டைப் பொடிமாஸ் மாதிரி செய்துவிடுங்கள். பிரீசரில் வைத்தால் கெடாது, ஆனால் எடுக்கும்போது உதிரி உதிரியாகத்தான் வரும், அப்போதும் பொடிமாஸ்தான்.

மஞ்சள் ஒட்டி

எங்கட பக்கம் அந்த இடத்தில் சொதி. எந்த மரக்கறி இரண்டு துண்டு மிஞ்சினாலும் தேங்காய்ப்பாலில் போய்விடும். இடியப்பத்துக்கும் சரி, பாணுக்கும் சரி.

சோற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரிசியில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்துகள் வேகும்போதும் சாகாது. வடித்த சோறு மணிக்கணக்காகச் சூடும் குளிரும் இல்லாமல் வெளியே இருந்தால் அவை முளைத்து நஞ்சை விடும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. நான் ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துப் பிரிட்ஜில் வைத்துவிடுவேன், அடுத்த நாளோடு முடித்துவிடுவேன்.

கீரைக்கட்டு

பழைய சோறு தின்று வளர்ந்தவன் நான். இருந்தாலும் அக்கா சொல்வதை மறுக்கமாட்டேன். எங்கள் அம்மா ராத்திரியே தண்ணீர் ஊற்றிவிடுவார், விடிந்ததும் சாப்பிட்டு முடித்துவிடுவோம். வெறுமனே தட்டு போட்டு மூடி மறுநாள் மதியம் வரை வைத்த சோற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வேறு ஒன்று. தக்காளி எண்ணிக்கையை விட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதம் எங்கள் வீட்டில் ஒரு தக்காளி கூட அழுகவில்லை. கால் கிலோ வாங்கி, நகை மாதிரி எண்ணி எண்ணிப் போட்டாள் என் மனைவி. விலை இறங்கியதும் மறுபடி மூன்று கிலோ, மறுபடி குப்பை. அதனால் இப்போது ஒரு வழக்கம்: மலிவாகக் கிடைத்து இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கினால் அன்றைக்கே தொக்கு கிண்ட வேண்டும். கிண்ட நேரமில்லையா, அரைக்கிலோவோடு வர வேண்டும்.

வாங்கும்போது எல்லாமே பழமாக எடுக்காதீர்கள். பாதி பழம், பாதி செங்காய். செங்காயைப் பிரிட்ஜுக்கு வெளியே வையுங்கள், உள்ளே வைத்தால் சரியாகப் பழுக்காது, ருசியும் வராது. வாழைப்பழம், தக்காளி பக்கத்தில் கீரையையும் வெள்ளரிக்காயையும் வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் காற்றில் கீரை சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.

அரைக்கிலோ அவரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

கேலண்டர் பார்த்து வேளையைக் கழித்தேன். எங்கள் வீட்டில் காய் சமைப்பது ஒன்பது வேளைதான். 600 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தவள் இப்போது 380, 400-இல் திரும்பிவிடுகிறேன். கீரை இரண்டு கட்டுக்கு மேல் கிடையாது. ஒன்று திங்கள் காலைக் கடையல், இன்னொன்று செவ்வாய் கூட்டு. வியாழன் சூப்பர் மார்க்கெட் பக்கம் போவதை நிறுத்த முடியவில்லை, அதனால் ஒரு விதி வைத்தேன்: வீட்டு வரிசையில் அடிக்காமல் இரண்டுக்கு மேல் இருந்தால் பால் மட்டும் வாங்கலாம், வேறு எதுவும் கூடாது. புதன் பரோட்டாவை ஒழிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. சரி, புதன்கிழமைக்குக் காயே வாங்குவதில்லை.

மூன்று வாரத்தில் போனது: கொத்தமல்லி ஒன்றரைக் கட்டு, புடலங்காய் ஒன்று, பூசணி அரைக் கிலோ. இந்தப் பூசணி மேல்தான் கோபம் வருகிறது. பென்ஷன்காரர் என்று ஐயா சொன்னாரே என்று நம்பி சனிக்கிழமைக்கு வைத்தேன். புதன்கிழமையே நடுவில் பூஞ்சை.

கீரைக்கட்டு

என் தப்புதான் அம்மா. ஓட்டலில் முழுப் பூசணியாக வரும், மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும். வீட்டுக்கு யாரும் முழுசாக வாங்குவதில்லை என்பதை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். கீற்றாக வெட்டிய பூசணிக்கு இரண்டு, மூன்று நாள்தான். வந்ததும் விதையையும் நடுவில் உள்ள பஞ்சையும் வழித்துவிட்டு, மூடி பிரிட்ஜில் வைத்தால் நாலு நாள் தாங்கும். சேனையும் வெட்டிய துண்டு என்றால் அதே கதைதான். பென்ஷன் வரிசையிலிருந்து இரண்டையும் செவ்வாய், புதனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

செல்லியம்மன் தெரு

கொத்தமல்லியை வேரோடு வாங்கி, டம்ளரில் விரல் அளவு தண்ணீர் விட்டு பூச்செண்டு மாதிரி நிறுத்தி, மேலே ஒரு கவரைத் தொப்பி போல மாட்டிப் பிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் ஒரு வாரம் நிற்கும். கழுவி வைத்தால்தான் அழுகும்.

இரவுப்பணி

ஒரு அவசரம். நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு ‘காய்க் கூறு வாங்கலாம்’ என்ற தைரியத்தில் போனேன். கடைசி ஆள் நான்தான் என்று நாலு கூறு கத்தரிக்காயைச் சேர்த்து 40 ரூபாய்க்குக் கட்டிக்கொடுத்துவிட்டார் அந்த அம்மா. எடை போட்டால் இரண்டரைக் கிலோ. தனி ஆள். என்ன செய்ய?

கீரைக்கட்டு

பூச்சி இருப்பதைத் தள்ளிவிடுங்கள். பெரியதாக ஐந்தாறு எடுத்து அடுப்புத் தணலில் சுட்டுக் கொத்சு, மூன்று நாளைக்கு வரும். ஒரு கிலோவை நீளமாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு எடுத்து மாடியில் காயப்போடுங்கள், நல்ல வெயிலென்றால் மூன்று, நாலு நாளில் வற்றலாகிவிடும். மிச்சத்தைப் பக்கத்து ரூமில் கதவைத் தட்டிக் கொடுங்கள்.

இரவுப்பணி

பக்கத்து ரூம்காரரும் நேற்று அதே வண்டியில்தான் வாங்கியிருக்கிறார் ஐயா. அவரிடம் மூன்று கிலோ இருக்கிறது.